மடக்கு மிதிவண்டியில் மிட் டிரைவ் மோட்டார் பொருத்தும் முறை

மடக்கு மிதிவண்டியை வாங்கியவர் அதை மடக்கத்தான் வாங்கினார். மின்தொடர்வண்டியில் ஏற்றவும், அலுவலக மேசைக்கு அடியில் வைக்கவும், மாடிப்படியில் தூக்கிச் செல்லவும் பயன்படும் அந்த மடிப்பு, மோட்டார் பொருத்திய பிறகு இயலாமற் போனால், கையில் மிஞ்சுவது சிறிய சக்கரங்கள் கொண்ட, கனமான ஒரு சாதாரண மிதிவண்டிதான். ஆகவே இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும், எந்தப் பொருளையும் நிரந்தரமாக இறுக்குவதற்கு முன், வண்டியை ஒருமுறை மடக்கிப் பார்க்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 20 அங்குலச் சக்கரமும் பிரதானக் குழாயின் நடுவில் கீலும் கொண்ட, டாஹோன், டெர்ன் போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. மோட்டார், பாஃபாங் நிறுவனத்தின் 36 வோல்ட், 250 வாட் பி.பி.எஸ்.01பி. பிராம்ப்டன் நிறுவனத்தின் மடக்கு வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அதில் பின்சக்கரமே பிரதானக் குழாயின் அடியில் வந்து மடங்குகிறது, மோட்டாருக்கு வேண்டிய இடமும் அதுவே.

சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டார் மலிவானது, பொருத்தவும் எளிது. சமதளத்திலேயே ஓட்டுபவர்களுக்கு அதுவே போதும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டாஹோனின் பல மாடல்களில் முன் ஃபோர்க்கின் இரு முனைகளுக்கும் இடையிலான அகலம் 74 மி.மீ. மட்டுமே, சந்தையில் கிடைக்கும் முன்சக்கர ஹப் மோட்டார்களோ பெரும்பாலும் 100 மி.மீ. அகலத்துக்குச் செய்யப்பட்டவை. மிட் டிரைவ் மோட்டார் சக்கரங்களைத் தொடுவதே இல்லை. பெடல் தண்டு சுழலும் இடத்தில் உட்கார்ந்து செயினை இழுப்பதால், உங்கள் கால் பயன்படுத்தும் அதே கியர்களை மோட்டாரும் பயன்படுத்துகிறது. ஏற்றத்தில் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் சுமை குறையும். டயர் பஞ்சரானால், மின்கம்பி எதையும் கழற்றாமல் பின்சக்கரத்தை வெளியே எடுக்கலாம். எடையும் தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதியிலேயே நிற்கிறது.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

பெடல் தண்டு நுழைந்திருக்கும் குறுக்குக் குழலைப் பாட்டம் பிராக்கெட் என்கிறோம். அதன் அகலத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள், 68 மி.மீ. இருந்தால் நல்லது, 73 மி.மீ. அகலத்திலும் பொருத்த வழியுண்டு. மோட்டாரின் தண்டுப் பகுதி உள்ளே நுழைய, குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 33.5 மி.மீ. இருக்க வேண்டும், 1.37 அங்குல மரை கொண்ட வழக்கமான குழல்களில் இது அமைந்திருக்கும். அடுத்து வண்டியைக் கவிழ்த்துப் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்புறத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் கியர் கேபிள் அங்கே ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டியின் மீது ஓடும். அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் திருகின் முனை குழலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் பாதி வழியில் தடைபடும். திருகைக் குட்டையாக்கிவிட்டால் போதும்.

செயின் ஸ்டே எனப்படும், பின்சக்கர அச்சுக்குச் செல்லும் கீழ்க்குழாய்களில் வலப்பக்கத்துக் குழாயையும் கவனிக்க வேண்டும். மோட்டாரின் பற்சக்கரப் பெட்டி அந்தக் குழாயை ஒட்டியே உட்காரும். குழாய் தடித்து வெளிப்புறமாகப் பிதுங்கியிருந்தால், மோட்டாரை வெளியே தள்ளி நிறுத்த வாஷர் வைக்க நேரிடும். அப்படித் தள்ளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் செயினின் நேர்கோட்டைக் கெடுக்கும்.

இவற்றை அளந்த பிறகும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டாரின் அளவுகளைக் காட்டும் வரைபடத்தை உண்மை அளவில் அச்சிட்டு, தடித்த அட்டையில் வெட்டி, பாட்டம் பிராக்கெட்டின் முன்புறம் ஒட்டுநாடாவால் கட்டிவிட்டு வண்டியை மடக்கிப் பாருங்கள். முன்சக்கரம் வந்து சேரும் இடம், சீட் போஸ்ட் கீழே இறங்கித் தரையைத் தொடும் இடம், மடங்கிய வண்டி நிற்கும் சிறு கால் ஆகிய மூன்றும் அட்டையில் இடிக்கக் கூடாது. அரைமணி நேரம் பிடிக்கும் இந்தச் சோதனையைவிடப் பயனுள்ள ஒன்றை இந்த வேலை முழுவதிலும் நான் அறியேன்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுவோம். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்புக்குள் அடங்கும் மின்வண்டியை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. அதனால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இதே இரு எண்கள்தாம், மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும் என்ற நிபந்தனையுடன். சிங்கப்பூரில் வாழும் வாசகர்கள் மட்டும் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே ஒப்புதல் முத்திரை பெற்று, 20 கிலோவுக்கு மேற்படாமல், பதிவு எண்ணுடன் விற்கப்படும் வண்டிகளைத்தான் சாலையில் ஓட்டலாம். வீட்டில் மாற்றியமைத்த வண்டிக்கு அங்கே இடமில்லை.

பழைய பாகங்களைக் கழற்றுதல்

இதற்குத் தேவையான கருவிகள் 8 மி.மீ. அலன் கீ, பெடலைத் தாங்கும் கையான கிராங்கை இழுத்து எடுக்கும் கிராங்க் புல்லர், பாட்டம் பிராக்கெட்டின் பற்களுக்குப் பொருந்தும் கருவி, பெரிய ஸ்பேனர் ஒன்று. முதலில் பெடல்களைக் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு இடமரை என்பதால் அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். கிராங்க் போல்ட்டை எடுத்த பிறகு, கிராங்க் புல்லரைக் கையாலேயே மரைக்குள் முழுமையாக ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைப் போட வேண்டும். இரண்டு மரை மட்டும் ஏற்றிவிட்டு இறுக்கினால் கிராங்கின் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். பிறகு அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பாட்டம் பிராக்கெட்டில் பேரிங்கைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடமரை, இடப்பக்கத்துக்கு வழக்கமான மரை. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு பலம் முழுவதையும் போட்டு மேலும் இறுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கழற்றிய பின் குழலின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். பிரதானக் குழாயின் கீலைச் சுற்றியுள்ள வெல்டிங் ஓரங்களில் மயிரிழை அளவு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் விளக்கில் பார்ப்பதற்கும் இதுவே தருணம். விரிசல் கண்ட சட்டகத்தில் மோட்டார் பொருத்தக் கூடாது.

மோட்டாரை நிலைநிறுத்துதல்

மோட்டாரை வலப்பக்கத்திலிருந்து குழலுக்குள் செருகுங்கள். இடப்பக்கத்தில் வெளிவரும் தண்டின் மீது, பற்கள் கொண்ட முகம் சட்டகத்தைப் பார்க்கும்படி பிடிப்புத் தகட்டை வைத்து, இரண்டு எம்6 (6 மி.மீ. மரை) போல்ட்டுகளை மெதுவாக மட்டும் ஏற்றுங்கள். பின்னர் பெரிய எம்33 நட்டை 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிவிட்டு, எம்6 போல்ட்டுகளை முழுமையாக இறுக்கி, கடைசியாக மெல்லிய வெளி நட்டைப் பூட்டாகப் போட வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடன் வாங்குங்கள். இந்த ஒரு நட்டில் கைக்கணக்கை நம்ப முடியாது. அதற்கான காரணம் மடக்கு வண்டியின் வடிவத்திலேயே இருக்கிறது.

வண்டியை வலப்பக்கத்திலிருந்து பார்த்தால், மோட்டார் முன்பல்சக்கரத்தை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்த விசைக்கு எதிர்விசையாக மோட்டாரின் உடல் இடஞ்சுழியாக, அதாவது முன்புறம் மேல்நோக்கி எழும்பப் பார்க்கும். சாதாரண மிதிவண்டியில் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்னோக்கிச் சாய்வாக ஏறும் ஒரு குழாய் இருப்பதால், மோட்டார் அதில் சாய்ந்து நின்றுவிடும். நட்டு சற்றுத் தளர்ந்தாலும் பெரிய கேடு வராது. மடக்கு வண்டிகள் பலவற்றில் அந்தக் குழாய் கிடையாது. பிரதானக் குழாய் மோட்டாருக்கு மேலே சில அங்குல இடைவெளி விட்டுச் செல்கிறது. நட்டு தளர்ந்ததும் மோட்டார் அந்த இடைவெளி முழுவதும் ஆடி, தன்னிலிருந்து புறப்படும் ஒயர்களைத் தானே முறுக்கும்.

எனவே மோட்டாருக்கு ஒரு சாய்மானம் செய்து கொடுக்க வேண்டும். கெட்டியான ரப்பர்த் துண்டை இடைவெளியின் வடிவத்துக்கு வெட்டி மோட்டாருக்கும் பிரதானக் குழாய்க்கும் நடுவே வைத்து, குழாயைச் சுற்றித் துருப்பிடிக்காத ஹோஸ் கிளாம்ப்பால் பிடித்துவிட்டால் போதும். குழாயின் பெயிண்ட் உரியாமலிருக்கக் கிளாம்ப்பின் அடியில் பழைய டியூபின் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். கிளாம்ப் கட்டாயம் கீலுக்குப் பின்புறத்துப் பாதியிலேயே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வண்டியை மடக்கிப் பாருங்கள். ரப்பர்த் துண்டு முன்சக்கரத்தின் ஸ்போக்குகளைத் தொட்டால் இன்னும் சற்றுச் சீவிவிடலாம்.

முன்பல்சக்கரமும் செயினும்

20 அங்குல மடக்கு வண்டிகளில் முன்பல்சக்கரம் 52 பற்கள் போலப் பெரிதாக இருக்கும். மோட்டாருடன் வருவது பெரும்பாலும் 44 அல்லது 46 பற்கள். வேகம் குறைந்துவிடும் என்று அஞ்சிப் பலர் முதலிலேயே 52 பல் சக்கரத்தைத் தனியாக வாங்குகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை கொண்ட ஃப்ரீவீல் (பின்பல்சக்கரத் தொகுதி) இருந்தால், 46-க்கு 14 என்ற உச்ச கியரில், நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 24 கி.மீ. சட்டம் அனுமதிக்கும் வேகமே 25 என்னும்போது, அதற்கு மேல் பல் கூட்டிப் பயனில்லை. பின்னால் 11 பல் சக்கரம் இருந்தால் இதே மிதிப்பில் 30 கி.மீ.யைத் தொட்டுவிடும். மறுமுனையில், 46-க்கு 28 என்ற தாழ்ந்த கியரில், நிமிடத்துக்கு 60 மிதிப்பில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஏற்றம் ஏறலாம். மோட்டார் வேகமாகச் சுழலும்போதுதான் அது மின்சாரத்தை வீணாக்காமல் உழைக்கும். பெரிய கியரில் மெதுவாக மிதித்து ஏற்றம் ஏறினால் பேட்டரியின் ஆற்றல் வெப்பமாகவே போய்விடும்.

செயினின் நேர்கோடு இதைவிடச் சிக்கலானது. மடக்கு வண்டியில் பாட்டம் பிராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் குறைவு. ஆகவே முன்பல்சக்கரம் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றாலும், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்துக்குச் செல்லும்போது செயின் கூர்மையாகச் சாய்ந்து, உராய்ந்து, சில சமயம் கழன்றும் விடும். உட்புறமாகக் குழிந்த முன்பல்சக்கரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அத்தகைய சக்கரம் மோட்டாரின் பெட்டியைத் தாண்டி உள்ளே வர வேண்டியிருப்பதால் 42 பற்களுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. செயின் 7 அல்லது 8 கியருக்கானதாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். கியர் எண்ணிக்கை கூடக்கூடச் செயின் மெலிந்துகொண்டே போகும். 52 பல்லிலிருந்து 42-க்கு இறங்கினால் செயினில் நான்கு கண்ணிகளைக் குறைக்கலாம். வெட்டுவதற்கு முன் மிகப் பெரிய பின்பல்சக்கரத்தில் செயினை ஏற்றி, கியர் மாற்றியின் கை விறைத்து நீளாமல் சற்று வளைந்தே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராங்குகளை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பழைய மடக்குப் பெடல்களையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஒயர்கள் கீலைக் கடக்கும் இடம்

மோட்டாரிலிருந்து கைப்பிடிக்குச் செல்லும் ஒயர்கற்றை இரண்டு கீல்களைக் கடக்கிறது: பிரதானக் குழாயில் ஒன்று, ஹேண்டில் போஸ்ட்டின் அடியில் ஒன்று. என் வண்டியில் நான் முதன்முதலாக ஒயர் கட்டியபோது, அழகாக இருக்கட்டும் என்று குழாயோடு ஒட்டி இழுத்துக் கட்டிவிட்டேன். ஒரு வாரத்துக்குள், மடித்து விரிக்கும்போது கீலின் வாய்க்குள் ஒயர் நழுவிச் சிக்கி, மேலுறை கிழிந்து, கைப்பிடியில் வேகத்தைக் காட்டும் திரை, வண்டி ஓடும்போதே அணைந்து அணைந்து எரிந்தது. கற்றையைப் புதிதாக வாங்கித்தான் சரிசெய்ய முடிந்தது.

வண்டியைச் செய்தவர்களே பின் பிரேக் கேபிளையும் கியர் கேபிளையும் கீலைக் கடக்க ஒரு வழியில் விட்டிருப்பார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தளர்வாக, எந்த வளைவில் என்பதைப் பார்த்து, புதிய ஒயரையும் அந்தக் கேபிள்களுடனேயே சேர்த்து அனுப்புங்கள். கீலின் இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்கு எந்தக் கட்டும் வேண்டாம். ஹேண்டில் போஸ்ட் உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் அதை முழு உயரத்துக்கு ஏற்றி வைத்து நீளத்தைக் கணக்கிடுங்கள். போதாவிட்டால் நீட்டிப்பு ஒயர் தனியாகக் கிடைக்கும். இப்போது கேபிள் டைகளைத் தளர்வாக மட்டும் போட்டு, வண்டியைப் பத்து முறை மடித்து விரித்து, ஒவ்வொரு முறையும் கீலின் வாய்க்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்தும் பிரேக் சென்சாரைத் தவிர்த்துவிடாதீர்கள். இந்த மோட்டார், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளப்பதில்லை. பெடல் சுழல்கிறதா என்பதை மட்டுமே உணர்ந்து இயங்குகிறது. நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் அது தள்ளும். அந்தக் கணத்தில் பிரேக்கைத் தொட்டவுடன் மின்சாரம் நிற்க வேண்டும். கியர் மாற்றும்போது மோட்டாரை ஒரு நொடி நிறுத்தும் கியர் சென்சாரும் வாங்கத் தகுந்ததே. பின்சக்கர ஹப்புக்குள்ளேயே கியர் கொண்ட வண்டியென்றால் அதை அவசியம் என்றே சொல்வேன். அதையும் கேபிளின் பின்பாதியில், கீலைத் தாண்டிய நேரான பகுதியில் பொருத்துங்கள்.

பேட்டரி

சாதாரண வண்டியில் பேட்டரிக்கென்று குழாயில் ஓர் இடம் இருக்கும். மடக்கு வண்டியில் அப்படி எதுவும் இல்லை. சீட் போஸ்ட்டில் தொங்கவிட்டால் சீட் கீழே இறங்காது; பின் கேரியரில் வைத்தால் தூக்கும்போது வண்டி பின்பக்கம் இழுக்கும். டாஹோன், டெர்ன் வண்டிகள் பலவற்றில் கைப்பிடிக்குக் கீழே, சட்டகத்தின் முன் கழுத்தில், பை மாட்டும் தாங்கிக்கான துளைகள் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றக்கூடிய பையில் இட்டு அங்கே மாட்டுவதே என் தேர்வு. தாங்கி கைப்பிடியோடு திரும்பாமல் சட்டகத்தோடு நிற்பதால் திருப்பங்களில் எடை தெரியாது. மடக்கும் முன் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளலாம். மோட்டார் ஏறத்தாழ 4 கிலோ, பேட்டரி 2 கிலோவுக்கு மேல் என்னும்போது, 12 கிலோ வண்டி 18 கிலோ ஆகிவிடுகிறது. அதைக் கைக்கும் தோளுக்குமாகப் பிரிப்பது படிக்கட்டில் பெரிய உதவி.

தடித்த மின் ஒயரின் இணைப்பியைக் கீலுக்குப் பின்னால், மோட்டாருக்கு அருகில் வைத்துவிட்டால், பையோடு அந்த ஒயரும் கழன்று வந்துவிடும். மடங்கிய வண்டியின் கீலைக் கடப்பது மெல்லிய கற்றை மட்டுமே. தீப்பொறி தடுக்கும் எக்ஸ்.டி.90 எஸ் வகை இணைப்பி இதற்கு ஏற்றது. மின்சாரம் உள்ள பேட்டரிப் பக்கத்தில் குழிமுனை இருக்க வேண்டும். ஊசிமுனை இருந்தால் பையில் கிடக்கும் சாவிக்கொத்தே குறுக்குச்சுற்றை உண்டாக்கிவிடும்.

36 வோல்ட் பேட்டரி என்பது லித்தியம் செல்கள் பத்தைத் தொடராக இணைத்தது. முழுதாக ஏறும்போது 42 வோல்ட் காட்டும். 3.5 ஆம்பியர் மணி செல்களை மும்மூன்றாகச் சேர்த்தால் 10.5 ஆம்பியர் மணி, அதாவது 378 வாட் மணி கிடைக்கும். மிதமான உதவியில் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி செலவாவதாகக் கொண்டால் 35 கி.மீ.க்கு மேல் ஓடும். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கும்போது ஒவ்வொரு செல்லின் பங்கு 5 ஆம்பியர். நல்ல செல்கள் இதைச் சிரமமின்றித் தாங்கும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று 20 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குவதாக இருக்கட்டும். செல்லின் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் சொல்லத் தயங்கும் கடையில் பேட்டரி வாங்காதீர்கள். சார்ஜர் 42 வோல்ட்டுக்கான லித்தியம் சார்ஜராகவே இருக்க வேண்டும். இரவில் எல்லோரும் உறங்கும்போதும், வீட்டின் வெளிவாசலை மறிக்கும் இடத்திலும் சார்ஜ் போட வேண்டாம்.

விமானத்தில் மடக்கு வண்டியுடன் பயணம் செய்யும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பயணிகள் விமானத்தில் 100 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு நிறுவனத்தின் அனுமதி தேவை. 160-க்கு மேல் அனுமதியே இல்லை. இந்தப் பேட்டரி வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

முதல் ஓட்டம்

பேட்டரியை இணைக்கும் முன் மல்டிமீட்டரால் இணைப்பியில் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் சரிபாருங்கள். சில விற்பனையாளர்களின் பேட்டரிகளில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியே வருகின்றன. தலைகீழாக இணைத்தால் கட்டுப்பாட்டுச் சுற்று அப்போதே கருகிவிடும். திரையில் சக்கர அளவை 20 அங்குலம் என்றும், வேக வரம்பை 25 என்றும் அமையுங்கள். சக்கர அளவைப் பெரிதாகத் தவறிப் பதிந்தால் திரை உண்மையைவிடக் கூடுதல் வேகம் காட்டி, மோட்டார் முன்னதாகவே நின்றுவிடும். வேகச் சென்சாரும் ஸ்போக்கில் மாட்டிய காந்தமும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் கடந்து செல்ல வேண்டும்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி பெடலைக் கையால் சுற்றி, மோட்டார் பிடிக்கிறதா, பிரேக்கைத் தொட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கீல்களின் பூட்டு நெம்புகள் இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆளில்லாத தெருவில், மிகக் குறைந்த உதவி நிலையில் தொடங்குங்கள். கியரை மாற்றும்போது மிதிப்பை ஒரு கணம் தளர்த்தும் பழக்கத்தை முதல் நாளிலேயே காலுக்குக் கற்றுக்கொடுங்கள். சென்சார் இருந்தாலும் செயினுக்கு அது நல்லது.

முதல் 50 கி.மீ. ஓடியதும் இடப்பக்கக் கிராங்கைக் கழற்றி எம்33 நட்டை மீண்டும் அளந்து இறுக்க வேண்டும். அது பெரும்பாலும் சற்றுத் தளர்ந்திருக்கும். நட்டின் விளிம்பிலிருந்து சட்டகம் வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டியை மடக்கிக் கீழே வைக்கும்போது, குனிந்து அந்தக் கோடு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.